நாளொன்றுக்கு அறுபது லாரி

தொழுகைக்கு முன் ஒளு செய்ய வாயில் எடுத்த தண்ணீரை மிஷி கொப்பளிக்காமலே துப்பினாள். நேற்றைவிட அதிகமாகக் கரித்தது. பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த ரியாமா, "கடலே பள்ளிவாசலுக்குத் தொழ வந்திடுச்சுடீ" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். மிஷிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்தில் ஊரின் ஒன்பது கிணறுகளும் இப்படியாகிவிட்டன. மழை பொய்த்ததுதான் காரணம் என்றது கம்பெனி. ஊரும் பாதி நம்பியது. மிஷிக்கு உண்மை தெரியும். மொம்பாசா சாலையோரம், செயற்கை நுண்ணறிவுக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்திருக்கும் அந்தக் கம்பெனியின் ஜன்னலில்லாத கட்டடத்தில் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது அவள் வேலை. அவற்றின் சூட்டைத் தணிக்க ஆழ்குழாய்கள் இராப்பகலாக உறிஞ்சின. நன்னீர் இறங்க இறங்க, அடியில் கடல் ஏறியது. வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். மீறினால் வழக்கு, ஜெயில் என்று மேலாளர் கோம்போ வாசித்தே காட்டியிருந்தார். படுக்கையில் கிடக்கும் கணவன் ஹமீசிக்கு அவள் சம்பளம்தான் மருந்து.

அஸர் தொழுகை முடிந்ததும் இமாம் ஒமாரி எழுந்தார். "மழைக்கு துஆ கேக்கச் சொல்லி கம்பெனியிலேருந்து வந்திருக்காங்க. புது டேங்க்கும் தர்றாங்களாம்."

ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் திரையின் இடுக்கில் மிஷி பார்த்தாள். முதல் வரிசையில் கோம்போ.

"கேப்போம். ஆனா ஆத்தங்கரையில உக்காந்து ஒளு செஞ்சாலும் தண்ணிய வீணாக்காதேன்னு சொன்ன நபியோட உம்மத்து நாம. இந்தத் தண்ணி அல்லா நம்மகிட்ட நம்பிப் பாதுகாக்கக் குடுத்த அமானத். அது எங்க போச்சுன்னே தெரியாம அவன்கிட்ட எப்படிக் கையேந்துறது? தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க."



"என்னடீ, எங்க நகர்ற?" என்று ரியாமா அவள் கையைத் தொட்டாள்.

மிஷி திரைத்துணியைப் பற்றிக்கொண்டாள். உரக்கச் சொன்னாள். "கம்பெனி உறிஞ்சுறது நாளொன்னுக்கு அறுபது லாரித் தண்ணி. மழை பெஞ்சப்பவும் அவ்வளவுதான். நான்தான் மீட்டர் எழுதுறேன்."

அந்தப் பக்கம் சலசலப்பு எழுந்தது. "யாரும்மா அது?" என்றார் இமாம்.

"எனக்குத் தெரியும்" என்றார் கோம்போ. குரலில் கோபமே இல்லை. "மிஷி, வெளிய வாம்மா. பேசணும்."

"நீ அசையாதே" என்று சொல்லி ரியாமா நகர்ந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இன்னொருத்தி வந்தாள், பிறகு இருவர். மிஷியைச் சுற்றி முழங்கால்கள் நெருங்கின. திரைக்குக் கீழே கோம்போவின் வெறுங்கால்கள் வந்து நின்றன. அவை நகரவில்லை. பெண்களும் நகரவில்லை.