முந்நூற்று முப்பது நுரையீரல்கள்

பதினொரு லாரிகளுக்கு மூன்றே மாதத்தில் முந்நூற்று முப்பது தடவை நுரையீரல் மாற்றியவன் நான். இந்தச் சாதனையை இதுவரை எந்தப் பெரிய டாக்டரும் முறியடிக்கவில்லை. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் இடம் என் மச்சானுக்கு. நாற்பது வருஷமாக அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போர்க்காலத்தில் நான் ராணுவ வண்டிப் பட்டறை மெக்கானிக். எங்கள் முகாமின் ஓரத்தில் ஒரு குழி. டயர், பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக், ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாவற்றையும் அதில் கொட்டி, டீசல் ஊற்றி எரித்துக்கொண்டே இருந்தார்கள். புகை எவ்வளவு கெட்டி என்றால், ஈரச் சட்டையை அதன்மேல் காயப்போடலாம். லாரிக்கு நுரையீரல் ஏர் ஃபில்டர்தான்; ஆறு மாதம் உழைக்க வேண்டிய அது மூன்றாம் நாளே அடைத்துக்கொள்ளும். கழற்றி எறிந்துவிட முடியாது. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் கிடங்கில் புதியது தருவார்கள்.

பின்தளத்தில் இருந்த அந்தக் கிடங்குக்குக் கிளார்க் யார் தெரியுமா? பிற்பாடு என் மச்சான் ஆனவர்தான். எங்கள் முகாமை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். புது ஃபில்டரை நான் வெளியில் விற்கிறேன், நல்லதுக்கே கரி பூசிப் பழையது என்று அனுப்புகிறேன் என முடிவுகட்டிவிட்டார். நான் அவர் தங்கையையே கட்டிக்கொண்டேன். அவர் சம்மதிக்கவில்லை, தங்கை சம்மதித்தாள்.

அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவன் என் சிநேகிதன்; அவனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பீரங்கி. அவன் ஒரு குரல் கொடுத்தால் எதிரி முகாமில் இருப்பவனும் "என்னண்ணே?" என்பான். இன்று பத்துப் படி ஏறுவதற்குள் மூன்று தடவை உட்காருகிறான். கதவு படாரென்று சாத்தினால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறான். சிகரெட்டைக் கையால் தொடாதவன். போர்ப்பணியால் வந்த நோய் என்று மருத்துவக் குழு எழுதினால்தான் படைவீரர் நுரையீரல் மையத்தில் அவனுக்குச் சிகிச்சை. முகாமில் புகை இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அந்தக் குழு மூன்று மனுக்களைத் தள்ளிவிட்டது. நாலாவதுதான் கடைசி வாய்ப்பு.

விடுவேனா? மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மச்சான், கிடங்கு ரசீதோட கார்பன் காப்பி ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு."

"இத்தனை வருஷமாவா? எதுக்கு?"

"எதுக்கா? என்னைக்காவது விசாரணை வந்தா உன்னை மாட்டிவிடத்தான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வந்து மாட்டிவிடுங்க."

"பொய் சாட்சி சொல்ல மாட்டேன் மாப்ளே."

"யாரு கேட்டா? உங்க கையெழுத்துல இருக்கறத மட்டும் படிங்க."

கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஐந்தாம் நாள், என் தொல்லை தாங்காமல் அவர் மனைவியே ரசீதுகள் இருந்த தகரப்பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டார். பெட்டியை என்னிடம் தனியாக விட மனமில்லாமல் மச்சானும் கூடவே கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை. ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் மருத்துவக் குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட டாக்டரம்மா. பீரங்கி சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும் பொருள் ஒரு போல்ட்டாக இருந்தாலும் அதன் ஜாதகத்தையே எழுதிவைப்பது என் மச்சானின் வழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'பழைய ஃபில்டர் பதினொன்று. கருப்பு. பிசுபிசுப்பு. ரப்பர் எரிந்த நாற்றம். திருட்டு சந்தேகம்.'"

மூன்று நாள் தள்ளி அடுத்த ரசீது. அதே வரிகள். ஏழாவது ரசீதில் குரல் இறங்கியது.

"'மூட்டையைப் பிரித்ததும் கண் எரிச்சல். இருமல். ஜன்னல்கள் திறந்துவைக்கப்பட்டன.'"

"யாருக்கு இருமல்?" என்றார் டாக்டரம்மா.

"எனக்குத்தாம்மா."

"எத்தனை நாள்?"

"மூட்டை வரும்போதெல்லாம்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "லாரிக்கு மூணு நாளைக்கு ஒண்ணு மாத்தினோம் டாக்டர். அதே புகையிலதான் இவனும் மூச்சு விட்டான். இவனுக்கு யாரு மாத்தினா?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்து, 'நோயின் காரணம்' என்ற கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"ஐயா, திருட்டு சந்தேகம்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. இந்த ஃபில்டர் எல்லாம் நெஜமாவே புகையில அடைச்சதுதானா? நீங்க ஆமான்னா இன்னைக்கே எழுதிடறேன்."

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. மூச்சுக்காகத் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிய பீரங்கியையே பார்த்தார்.

"கரி பூசியிருந்தா கையிலதாம்மா ஒட்டும், நெஞ்சுக்குள்ள போகாது. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்," என்றார். "எழுதிக்குங்க. முந்நூத்தி முப்பதும் நெஜம். எல்லாம் நடந்ததுதான்."