மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

அந்தத் துப்பாக்கி விளையாட்டின் இரண்டாம் பாகம் 2008 கடைசியில் பாகலூர் ரோட்டில் இருந்த என் கேம் சென்டருக்கு வந்தது. முதல் பாகத்தில் ஒரே பாதைதான். இதில் காடு, ஆறு எல்லாம் திறந்து கிடக்கும். எந்தப் பக்கமும் போகலாம், ஆனால் துப்பாக்கியோடு காவல்காரர்கள் நிற்கும் செக்போஸ்ட்களைத் தாண்ட வேண்டும். வந்த வாரமே ஆட்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

“செம கேம்ணா” என்பான் சுபாஷ். ஊத்தங்கரைப் பையன், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிரெய்னி.

“கேமா இது? நான் எங்க படுத்திருக்கேன்னு செக்போஸ்ட்காரனுக்கு யார் சொல்றது?” என்பார் மோகன்குமார். அதே கம்பெனியில் சுபாஷுக்கு லைன் லீடர். எந்த டிரெய்னியை வேலையில் நிரந்தரமாக்கலாம் என்று பெயர் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சுபாஷ் மட்டும் எப்படி ஜெயிக்கிறான் என்ற சந்தேகம் அவரை விடவில்லை. அவன் பின்னால் நின்று விரல்களையே பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வெடித்துவிட்டார்.

“ரெக்ஸு, இவன் ஏதோ சீட் கோடு போட்டு ஏமாத்தி ஆடறான்.”

“எங்கண்ணா போட்டேன்? குனிஞ்சு போறேன், சுடறேன், அவ்ளோதான்.”

“நானுந்தான் புல்லுக்குள்ள குனிஞ்சு போறேன். எனக்கு மட்டும் மண்டையில குண்டு! கேம்லயே ஏமாத்தறவன் நாளைக்கு பிரஸ் மெஷின்ல கைய காப்பாத்தற சென்சார அடைச்சுட்டு ஓட்டுவான். உம்பேர நான் சொல்ல மாட்டேன், போ.”

சுபாஷின் முகம் வெளுத்துவிட்டது. “புல்லா? எந்தப் புல்லுண்ணா? ஆத்தோரம் வெறும் மண்ணுதானே?”

“பாத்தியா, எப்படி நடிக்கிறான்!”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஏசி பக்கத்தில் இருக்கும் புது கம்ப்யூட்டர் லைன் லீடருக்கு, பழைய மூன்றாம் நம்பர் டிரெய்னிகளுக்கு. அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம், யாரும் இடம் மாறியதில்லை. பழையது திணறுகிறதே என்று அதில் மட்டும் செட்டிங்ஸில் செடிகொடிகளை அடியோடு குறைத்தது நான்தான்.

“அண்ணா, புல்ல வரையறது கிராபிக்ஸ் கார்டு. காவல்காரன் உங்களப் பாக்கறானாங்கறது வேற கணக்கு. நடுவுல செவுரு, பாறை இருந்தா மறைக்கும். புல்லு அந்தக் கணக்குலயே இல்ல. அதனால அவனுக்கு நீங்க தெரிவீங்க. உங்களுக்குத்தான் அவன் தெரிய மாட்டான்.”

“கதை விடாத.”

“இடம் மாத்தி உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். மூன்றாம் நம்பரில் காவல்காரர்கள் மொட்டைத் தரையில் பளிச்சென்று நின்றார்கள். மோகன்குமார் முதல் தடவையாக அந்த செக்போஸ்ட்டைத் தாண்டினார். அந்தப் பக்கம், “அய்யோ, எவ்ளோ புல்லு!” என்ற சுபாஷ் அடுத்த நொடியே செத்தான்.

மோகன்குமார் சிரிக்கவில்லை. என்னை முறைத்தார். “தெரிஞ்சேதான் சும்மா இருந்தியா?”

“நல்லாருக்கு, நல்லால்லன்னுதானேண்ணா சண்ட போட்டீங்க? என்ன தெரியுதுன்னு ரெண்டு பேரும் சொல்லவே இல்லியே.”

அவர் நம்பவில்லை. இரண்டு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸைத் திறந்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “நாளைக்கு உம்பேரச் சொல்லிடறேன்டா.”

“சரிங்கண்ணா” என்றான் சுபாஷ். ஆனால் ஏசி பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மோகன்குமார் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.