பாத்திரம் கழுவும்போது வராத பாராட்டு

முதல் சந்தேகம் குழாய்த் தண்ணீரில்தான் தொடங்கியது. ஞாயிறு மாலை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் கணவர் சமையலறைக் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தால், கணினித் திரையில் ஒரு கருத்துகூட வராது. குழாய் நிற்கும். ஒரு மனிதர் துண்டில் கை துடைத்துக்கொள்கிற நேரம் கழியும். பிறகு ஐந்தாறு கருத்துகள் மளமளவென்று வந்து விழும். 'அருமை அம்மா.' 'உங்கள் குரலுக்காகவே வருகிறேன்.' ஒருமுறை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வாராவாரம் நடந்தால் யாருக்குத்தான் மனசு குறுகுறுக்காது?

தெருவில் எல்லாரும் அவளை அறிவிப்பாளரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் இருபது வருஷம், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே முகம் காட்டி, "அடுத்து நீங்கள் காணவிருப்பது" என்று சொல்லிவிட்டு மறைந்தவள். நிலையத்தை இழுத்து மூடியபோது பழைய வீடியோ நாடாக்களைக் குப்பை வண்டியில் ஏற்ற இருந்தார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று மேலாளர் சொன்னதுதான் தாமதம், வாடகை வண்டி பிடித்து அத்தனையையும் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். போன வருஷம் விடுமுறைக்கு வந்த மகள்தான் பழைய வீடியோ பிளேயரைத் தட்டிக்கொட்டி எழுப்பிக் கணினியோடு இணைத்து, எதிரே ஒரு கேமராவையும் வைத்தாள். நீ பழையபடி அறிவிப்புச் செய், ஊர் உலகமெல்லாம் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலையானால் முன்னறை நிலையமாகிவிடும். நாடாவில் படிந்த பூஞ்சையைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மேசை விளக்கை முகத்துக்கு இதமாகச் சாய்த்து, மணிமாலை சகிதம் உட்கார்ந்துவிடுவாள். பொது அறிவுப் போட்டி, குழந்தைகள் நாடகம், ஒட்டுமீசையில் பாதி உதட்டை விட்டு எழும்பி நிற்கக் கொலைகாரனைத் துரத்தும் துப்பறியும் அதிகாரி என்று ஒவ்வொன்றாகப் போடுவாள். நிலையம் மூடிய பிறகு வெறிச்சென்று கிடந்த மனசுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத யாரோ தன் குரலைக் கேட்கிறார்கள் என்ற நினைப்பிலேயே வாரம் ஓடிவிடும். அந்த யாரோ எல்லாம் தன் வீட்டுக்காரர்தான் என்றால்? பொய்ப் பெயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷன் பெண்டாட்டிக்குப் பாராட்டு எழுதிக்கொண்டிருந்தால்? அதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா?

திரையின் மூலையில் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓர் எண் ஓடத்தான் செய்யும். அவளா எண்ணை நம்புவாள்? நிலையத்து மேலாளர்கூட லட்சக்கணக்கான நேயர்கள் என்றுதான் மார்தட்டுவார். பேருந்துப் பணிமனையைத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

அவர் அப்படிச் செய்யக்கூடியவரும்தான். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அடுத்தவர் கண்ணில் படுவதற்குள் தப்பைத் தூக்கிவிடுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்கமாட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது இரண்டு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டு, பிரமாதம் என்பார். கல்யாணமான நாளாக இதே கூத்து.

எதற்கு எப்போதும் போனை நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருநாள் போகிற போக்கில் கேட்டுப் பார்த்தாள். செய்தி படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனைத் தொடையில் குப்புறக் கவிழ்த்தார். செய்தி படிக்கிறவருக்கு எதற்கு அந்தத் திருட்டு முழி? கருத்துகளைப் பற்றி மகளிடம் கேட்டால் அவள் தடுமாறி, அதெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார் என்று பேச்சை மாற்றினாள். ஆக, தகப்பனும் மகளும் கூட்டு. தனக்கு மட்டும்தான் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அடுத்த ஞாயிறு பொறி வைத்தாள். முதல் நாடா பாதி ஓடும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலை பிளக்கிறது, கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வாருங்கள் என்றாள். மனுஷர் பதறிப்போய்ச் செருப்பை மாட்டினார். கை தானாகப் போனை எடுத்தது.

"அது இங்கயே இருக்கட்டும். சார்ஜ் சுத்தமா இல்ல, நான் போட்டு வைக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மறுபடி நெற்றியைப் பிடித்தாள். போய்விட்டார்.

நாடா முடிந்ததும் கேமரா முன் வந்து உட்கார்ந்தாள். வழக்கமான அறிவிப்பைச் சொல்லிவிட்டு, இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். காத்திருந்தாள். திரை வெறுமையாகவே இருந்தது. குரலுக்காகவே வருகிறவரும் இல்லை, அருமை என்கிறவரும் இல்லை. இதைத்தான் எதிர்பார்த்தாள், ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசின் ஒரு மூலை, தன் சந்தேகம் பொய்யாகிவிடாதா என்று ஏங்கிக்கொண்டு இருந்திருக்கிறது போலும்.

இது கடைசி மாலை, இத்துடன் முடித்துக்கொள்கிறேன் என்று கேமராவிடம் சொன்னாள். துப்பறியும் அதிகாரியின் நாடாவைத் தள்ளி ஓடவிட்டாள். பிறகு நேராக, போனைச் சார்ஜில் போட்டிருந்த சமையலறைக்குப் போனாள். பொய்ப் பெயர்கள் எத்தனை என்று கையும் களவுமாகப் பார்த்துவிட்டு, அவர் வந்ததும் கிழி கிழியென்று கிழிக்க வேண்டும்.

போனுக்குப் பூட்டுப் போடுகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. தொட்டதும் திறந்துகொண்டது. அவளுடைய நிகழ்ச்சிதான் அதிலும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே 'அனுமதிக்காகக் காத்திருப்பவை' என்று ஒரு நீளமான வரிசை. ஒவ்வொரு கருத்துக்குப் பக்கத்திலும் ஒரு சரி அடையாளம், ஒரு குப்பைத்தொட்டி. சரியைத் தொட்டால்தான் அது அவள் திரைக்குப் போகும் என்று அப்போதுதான் புரிந்தது. ஈரக் கையால் தொட முடியாது, அதனால்தான் குழாய் திறந்திருக்கும்போது ஒன்றும் வரவில்லை. 'இருக்கிறேன் அம்மா', 'நானும் என் தங்கையும் இருக்கிறோம்', 'ஏன் கடைசி? நிறுத்தாதீர்கள்' என்று வரிசை வளர்ந்துகொண்டே போனது.

அப்போதும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே இத்தனையையும் எழுதலாமே? குப்பைத்தொட்டியைத் திறந்தாள்.

அங்கே ஒரே ஆளின் கருத்துகள்தான் அதிகம் கிடந்தன. பெயர் மரவட்டை. 'இந்தக் கிழவி என்ன முணுமுணுக்குது? பேச வரலேன்னா வீட்ல இருக்கறதுதானே?' அதற்கு முந்தைய வாரம்: 'ஒரு எழவும் கேக்கல.' அதற்கும் முந்தைய வாரம், அதற்கும் முந்தைய வாரம் என்று போய்க்கொண்டே இருந்தது.

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கிழவி என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முணுமுணுப்பாமே! எந்தக் குரலைக் காட்டி இருபது வருஷம் சம்பளம் வாங்கினாளோ அந்தக் குரலை. அடுப்புத் திட்டில் கையை ஊன்றிக்கொண்டு மறுபடி படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பு இல்லை என்று சொல்லத் துணியாத மனுஷன் இதை எழுதுவாரா? பெற்ற மகள் எழுதுவாளா? மரவட்டை நிஜம். மரவட்டை நிஜமென்றால் மற்றவர்களும் நிஜம்தான். திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்டவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவர் மாத்திரையோடு உள்ளே வந்தார். அவள் கையில் இருந்த போனைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"எதுக்குங்க இதெல்லாம் மறைச்சீங்க?"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தப்பை எடுத்துடறதுதானே என் வேலை" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. மகள்தான் முதல் நாளே இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தாளாம். அம்மா மனசு நோகக்கூடாது என்றாளாம்.

"இது தப்பு இல்லீங்க. இது ஒரு ஆளு."

முன்னறையில் துப்பறியும் அதிகாரி யாரையோ கைது செய்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாடா முடிந்துவிடும். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது, அதை இவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம் என்றும் இருந்தது. பிரமாதம் என்றுதான் சொல்லப்போகிறார். இருந்தாலும் கேட்டாள்.

"நான் முணுமுணுக்கறேனா?"

அவர் மாத்திரை உறையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பிரமாதம் உதடு வரைக்கும் வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அதை அவர் விழுங்கிவிட்டார்.

"கடைசி வார்த்தை விழுந்துடுது" என்றார். "கொஞ்ச நாளாவே. ஆரம்பம் கணீர்னுதான் இருக்கு. முடிக்கும்போது உள்ளயே போயிடுது."

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன எதையும் இவ்வளவு முழுசாக அவள் நம்பியதில்லை. போனை அவர் கையில் கொடுத்தாள். இனி எதையும் எடுக்கக்கூடாது, வருவதெல்லாம் வரட்டும் என்றாள்.

நாடா முடிந்தது. அவள் ஒலிவாங்கியை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மரவட்டை என்னும் நேயர் எழுதியிருப்பதாவது என்று தொடங்கி, கிழவி உட்பட ஒரு வார்த்தை விடாமல், அந்தக் காலத்து அறிவிப்புக் குரலிலேயே வாசித்தாள். நேயர் அவர்களே, வீட்டில்தான் இருக்கிறேன் என்று பதிலும் சொன்னாள். கடைசி மாலை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு என்ன நாடா என்பதையும் அறிவித்தாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வார்த்தைக்கும் மூச்சை மிச்சம் பிடித்து, அழுத்திச் சொன்னாள்.

சமையலறை வாசலில் அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ஏதோ வந்து விழுந்தது. படித்தார். அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரியைத் தொட்டார்.

அவள் திரையில் மரவட்டை எழுதியிருந்தது: 'இப்பக் கேக்குது.'