பீடத்தடியில் பேசிய சாமி

நிகெராத்தோஸ் மூளைக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். பலிபீடத்தில் தீ மூட்டினால் கீழே செப்பு உருண்டைக்குள் காற்று சூடாகிப் பெருகும். அது தண்ணீரை வாளிக்குள் தள்ளும். வாளி கனத்து இறங்கிக் கயிற்றை இழுக்கும். கோயில் கதவு தானாகத் திறக்கும். அலெக்சாந்திரியாவே வாயைப் பிளந்தது. செப்பு வேலை முழுக்க என்னுடையது, பேர் மட்டும் அவனுக்கு!

திருவிழாக் காலையில் உருண்டை ஒழுகியது. அடைப்பதற்காக இருவரும் பீடத்தடிக் குழிக்குள் இறங்கினோம். நாங்கள் உள்ளே இருப்பது தெரியாமல் எவனோ மூடுகல்லைத் தள்ளிவிட்டான். கீழிருந்து இரண்டு காளை முட்டினாலும் அசையாத கல் அது.

தலைக்கு மேல் சுள்ளி வெடித்தது. தீ மூட்டிவிட்டார்கள்! செம்பு கொதித்தது, மூச்சு முட்டியது.

"கத்துடா!" என்றேன்.

"திறங்க! திறங்க!" என்று அவன் அலறினான். பாழாய்ப்போன கோயில் கதவு அந்த நேரம் பார்த்தா திறக்க வேண்டும்?

பீடத்து ஓட்டை வழியே ஜனங்களின் கூச்சல் கேட்டது. "சாமி பேசுதுய்யா! இன்னும் விறகு போடுங்க!"

"ஐயோ, நான் உள்ள இருக்கேன்!"

"ஆமா சாமி, நீங்க உள்ளதான் இருக்கீங்க!"

செத்தோம் என்றே நினைத்தேன். நிகெராத்தோஸ்தான் சட்டென்று குரலை மாற்றினான். "தாகமா இருக்கு! மதுவைத் தீயில ஊத்துங்க!"

குடம் குடமாக ஊற்றினார்கள். தீ அணைந்தது, கதவும் மூடியது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அதில் எனக்கு வெட்கமில்லை.

கூட்டம் வெளியேறியதும் பூசாரி மெனிஸ்கோஸ் காவலர்களோடு வந்து கல்லை நகர்த்தினார். "யாருய்யா பேசினது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவனால் சும்மா இருக்க முடியுமா? "நான்தான் சாமி! இந்த ஓட்டை வழியா போனா குரல் பெருசாகும், அது எப்படின்னா..."

"பிரமாதம். இனி தினமும் நீதான் பேசணும். சாப்பாடு கீழேயே வரும்." பூசாரி என் பக்கம் திரும்பினார். "நீ ஏறு. வெளியில மூச்சு விட்டா நீயும் கீழதான்."

கயிற்றைப் பிடித்து ஏறினேன். கல்லைத் தள்ளவும் என்னையே சொன்னார்கள். தள்ளினேன்.

மறுநாள் பூசைக் கூட்டத்தில் நானும் நின்றேன். பீடத்திலிருந்து குரல் வந்தது. "சோத்தைரோஸ்! டேய் சோத்தைரோஸ்!"

பக்கத்தில் நின்ற மீன்காரி என் தோளை உலுக்கினாள். "உன்னைத்தானே கூப்பிடுது? கொடுத்துவச்சவன்யா நீ!"