சந்தனம்மாள் ஏற வேண்டிய வண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளைக் கேலி பண்ணத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு நூல் கடை. மதியம் யாவாரம் மந்தமாகிற நேரத்தில், நூல்கண்டு சுற்றி வரும் தாளை நீவி வைத்துக்கொண்டு ஏதாவது எழுதுவேன். எழுபத்தி நாலு ஆவணியில் ஒருநாள் தங்கசாமி கடைக்கு வந்தார். புல்லட் வைத்திருந்த ஜவுளிக்காரர். வரும்போதே சிரிப்பு.

"அண்ணாச்சி, எம்.ரெட்டியபட்டி மாட்டுத் தரகர் சோலைச்சாமி என் வண்டிய விலைக்குக் கேட்டு வந்தாரு. வந்த மனுசன் ஸ்டார்ட் பண்ணியே பாக்கல. முன்னால நின்னு பாத்தாரு, பின்னால போயி நின்னு பாத்தாரு. 'மூணு நாளு என் தொழுவத்துல நிக்கட்டும், எங்க வீட்டுல உள்ளவ கைக்கு அடங்குனா புடிச்சுக்கிறேன்'னுட்டாரு!"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "செம்மண் புழுதி பறக்க, ஒரு காலைப்பொழுதில்..."

அடித்துவிட்டேன். எம்.ரெட்டியபட்டியில் ஏது செம்மண்? அத்தனையும் கரிசல். எங்கேயோ படித்த புழுதி என் பேனாவுக்குள் புகுந்திருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "சோலைச்சாமி ஒரு கிறுக்கர்."

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த வரி வரவேயில்லை. இரண்டு நாள் முழித்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த மனுசனிடம் ஏற்கெனவே ஒரு ராஜ்தூத் இருக்கிறது, நன்றாக ஓடுகிற வண்டி. அதை ஏன் மாற்றுகிறார் என்று நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே ஒருத்தரைக் கிறுக்கர் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தால் எப்படி வரும்? கடையை அடைத்துவிட்டு பஸ்ஸு ஏறினேன்.

3

விசயம் இதுதான்.

எழுபத்தொண்ணு ஐப்பசி. சோலைச்சாமியும் அவர் மனைவி சந்தனம்மாளும் ராஜ்தூத்தில் திருச்சுழிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தம்மாவின் தாய் வீடு அங்கே. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தார் ரோட்டிலேயே போயிருக்கலாம். தரகர் புத்தி, குறுக்குவழி தேடியது. வண்டிப்பாதையில் இறக்கினார். ஈரக் கரிசல்* மட்காடுக்குள் அப்பிச் சக்கரம் அப்படியே நின்றது. வண்டி சாய்ந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அந்தம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாசம் படுக்கை. எழுந்தபோது ஒரு கால் கொஞ்சம் குட்டையாகியிருந்தது.

(* வெளியூர்க்காரர்களுக்கு: மழைக்காலத்தில் கரிசல் உங்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டால் செருப்பை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வர வேண்டியதுதான். நான் இரண்டு ஜோடி விட்டிருக்கிறேன்.)

"வண்டி மேல குத்தமில்ல அண்ணாச்சி. ஓட்டுனவன் மேலதான்" என்றார் சோலைச்சாமி.

அன்றிலிருந்து அந்தம்மா வண்டியில் ஏறவில்லை. சண்டை இல்லை, குத்திக்காட்டல் இல்லை. பஸ்ஸு போகிற ஊருக்கு பஸ்ஸு, போகாத ஊருக்கு நடை. அந்தம்மா காலை இழுத்து இழுத்து நடக்க, சோலைச்சாமி பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பாராம். மூன்று மைல், நாலு மைல். பெட்ரோல் நிறைய இருக்கும். ஒருநாள்கூட இவர் ஏறி ஓட்டியதில்லை.

[இந்த இடத்தில் ஒரு அழகான வாக்கியம் எழுதினேன். அந்த நடைக்கு முன்னால் அது நிற்கவில்லை, எடுத்துவிட்டேன்.]

ஆக, அவர் தேடியது வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. அந்தம்மா மறுபடியும் பின்னால் உட்காருகிற மாதிரி ஒரு வண்டி. அவ்வளவுதான். கிறுக்கராம் கிறுக்கர். என் வாயில் மண்ணைப் போட!

4

மூன்று நாள் கணக்கைச் சொல்ல வேண்டும். அவர் தொழிலில் மாடு பிடிக்கிறபோது பல்லைப் பார்ப்பது, சுழியைப் பார்ப்பது எல்லாம் தரகர் வேலை. ஆனால் மாட்டுக்குத் தண்ணி காட்டப்போகிறது வீட்டுப் பொம்பளை. அதனால் மாட்டை மூன்று நாள் வாங்குகிறவர் தொழுவத்தில் கட்டி வைப்பார்கள். அந்தப் பொம்பளை பக்கத்தில் போய் நின்று கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியைத் தடவ வேண்டும். மாடு நின்றால் வீட்டுக்கு. உதைத்தால், முட்டினால், மறுபேச்சில்லாமல் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இருபது வருசமாக இப்படியே வாங்கிக் கொடுத்த மனுசனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க மட்டும் வேறு வழி எப்படித் தெரியும்?

மில்லில் வேலை பார்த்த இன்பராஜிடமிருந்து ஒரு ஜாவா வந்தது. மறுநாள் தங்கசாமியின் புல்லட். இரண்டும் தொழுவத்தில், மாடுகளுக்கு நடுவில். ஹாண்டில்பாரில் கயிறு கட்டி முளைக்குச்சியில் பிணைத்திருந்ததாகத் தங்கசாமி சொன்னபோது நான் நம்பவில்லை.

"ஆமா, கட்டுனேன். புது இடமில்லையா?" என்றார் சோலைச்சாமி. முகத்தில் சிரிப்பே இல்லை.

ஜாவாவைச் சந்தனம்மாள் தூரத்திலிருந்து பார்த்தார். "கன்னுக்குட்டியாட்டம் லட்சணமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்.

புல்லட்டை அருப்புக்கோட்டையிலிருந்து ஓட்டிவந்து அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அந்தம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு நேரே அதனிடம் போனார். முன்பக்கம் நின்றார். மாட்டுக்கு அலைதாடி இருக்கும் இடம் எதுவோ அந்த இடத்தில், பெட்ரோல் டாங்கிக்குக் கீழே, உள்ளங்கையை வைத்தார்.

எஞ்சின். கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தம்மா போட்ட சத்தத்தில் மாடுகள் கயிற்றை இழுத்தன. சோலைச்சாமி ஓடி வந்தார். "ஐயையோ! விட்ரு புள்ள, இது ஆகாது. இப்பவே கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்."

என் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "சந்தனம்மாள் விம்மி அழுது, புருசன் மார்பில்..." எழுதும்போதே எனக்குக் கூசியது. நடந்தது வேறு. சோலைச்சாமி சொன்னபடியே எழுதுகிறேன்.

அந்தம்மா கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அப்படியே கேட்டார்:

"இதுல வேற எதெல்லாம் சுடும்?"

"எல்லா வண்டியிலயும் எஞ்சின் சுடும். சைலன்சர் சுடும்."

"மூணு வருசத்துக்கு முந்தி நான் ஏறுன வண்டியிலயும் சுட்டுச்சா?"

"ஆமா."

"ஒருநாளும் சொல்லலயே. ஏறுன்னீக, ஏறுனேன். புடிச்சுக்கோன்னீக, புடிச்சேன். எப்ப திரும்பும், எப்ப நிக்கும், ஒண்ணும் தெரியாது. கல்லு மூட்டையாட்டம் இருந்தேன். அன்னைக்கு ரோட்ட விட்டு எறக்குனீகளே, எறங்கவான்னு ஒரு வார்த்த கேட்டீகளா?"

மூன்று வருசமாக வராத வார்த்தை. சுட்ட கையோடு வந்துவிட்டது.

சோலைச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டாராம். "கேக்கல. தப்புத்தான்" என்றாராம். எத்தனையோ மாட்டின் குறையை மறைத்து விற்றவர், எவன் முன்னாலும் தலை குனியாதவர். இந்த ரெண்டு வார்த்தையை எழுத எனக்கு நாலு தாள் ஆனது.

பிறகு எழுந்து காட்டினார். இது கிளட்சு. இது கியரு. இது பிரேக்கு, இதை மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவே விரல் விட்டு அளந்து காட்டி, "மண்ணு இங்கதான் அப்பும்" என்றார். அந்தம்மா ஈரம் காயாத கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ரெண்டு வண்டியையும். ரொம்ப நேரம் காது கொடுத்தார். பிறகு புல்லட் பக்கம் வந்து நின்றார்.

"அதுவும் நல்லதுதான். ஆனா இது ஒவ்வொரு அடியா அடிக்குது. என்ன செய்யுதுன்னு பின்னால இருந்தா எனக்குக் கேக்கும். இத வச்சுக்கோங்க."

எனக்கும் வண்டி ஆசை உண்டு. குதிரைசக்தி, எடை, சீட்டு உயரம் என்று மணிக்கணக்கில் பேசுவேன். பின்னால் உட்காருகிற ஆளுக்குக் கேட்கிற மாதிரி ஒரு வண்டி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எந்தக் கடைக்காரனும் அப்படிச் சொல்லி விற்றதில்லை. மனுசி பள்ளிக்கூடம் எட்டிப் பார்த்ததில்லையாம். அடேயப்பா!

5

மூன்றாம் நாள் காலை. வாசலில் புல்லட் ஓடிக்கொண்டிருக்கிறது. சோலைச்சாமி உட்கார்ந்திருக்கிறார். சந்தனம்மாள் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கை புருசன் தோளில்.

முடிவு அ: ஏறினார். ஊரே பார்த்தது. (சினிமா.)

முடிவு ஆ: ஏறவில்லை. தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். (எழுதினேன். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.)

முடிவு இ: ஏறினார், ஊர் எல்லையில் இறங்கிவிட்டா

வேண்டாம். நேராகவே கேட்டுவிடலாம் என்று மறுபடியும் போனேன். அந்தம்மா அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்தி மாரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தாயி, அன்னைக்கு ஏறுனீகளா?"

"கதையா எழுதுறீகளாமே? அதுல நான் இப்ப எங்க நிக்கேன் அண்ணாச்சி?"

"வண்டிகிட்ட. அவுக தோள்ல கை வச்சிருக்கீக."

"அங்கயே நிக்கட்டும்." அடுக்கியதை விட்டு நிமிர்ந்தார். "மூணு வருசமாத் தூக்காத காலு. நீங்க ஒரு வரியில தூக்கி வச்சிருவீகளாக்கும்?"

கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டேன், அந்தம்மா சிரித்துவிட்டார்.

ஆகவே அங்கேயே நிற்கிறார். நீங்களும் ஏறு என்று சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சோலைச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை, ரெண்டு காலையும் தரையில் ஊன்றிக் காத்திருக்கிறார். அவருக்கு அவசரமில்லை. உங்களுக்கு அவசரம் என்றால் பஸ்ஸுக்குப் போங்கள்.