எழுப்பாத வேக்கர்

மாரிராஜின் வலது கை பிரஸ்ஸுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. பக்கத்து மிஷின் பாபு, பிரஸ்ஸை மேலே தூக்கும் சிவப்புப் பொத்தானை ஓங்கி ஓங்கிக் குத்தினான். பிரஸ் எழவில்லை. ரத்தம் தகடு முழுக்கப் பரவியது.

"மெயின ஆஃப் பண்ணுடா!" என்று சூப்பர்வைசர் ஜீவானந்தம் அலறினார்.

"பண்ணாலும் தூக்காது சார், ஆயில் பிரஷர் புடிச்சிக்கினு கீது!" என்றான் பாபு.

"ஏலே இசக்கி, தூக்குல!" மாரிராஜ் கதறினான்.

இசக்கிபாண்டி மாரிராஜின் ஊர்க்காரன். கம்பெனிக்குப் பக்கத்து வடக்குப்பட்டில் இருவருக்கும் ஒரே வாடகை அறை. அந்தப் பொத்தானுக்கு ரஸ்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதியவனும் அவன்தான். வெளியார் கோட் ஒரு வரிகூட வரக்கூடாது, ரஸ்ட்டோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி மட்டும்தான் என்று கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. அதனால், பொத்தானுக்காகக் காத்திருக்கும் அசின்க் ஃபங்ஷனை ஓட்டும் எக்ஸிக்யூட்டரையும் தானே எழுதினான். அவனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை வேறு. முதலில் அது 'பொத்தானை அழுத்தியாச்சா?' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கொதிக்கிறது என்று ஜீவானந்தம் கத்தவே, நேற்று மாற்றினான். இப்போது ஒருமுறை கேட்கும். 'இன்னும் இல்லை' என்றால் தூங்கிவிடும். பொத்தானை அழுத்தியதும் அதை எழுப்ப வேண்டியது வேக்கர். அந்த வேக்கருக்குள் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தான், பாவி.

சோதிக்காமல் இல்லை. பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே புரோகிராமை ஓடவிட்டுச் சோதித்தான். முதல் கேள்விக்கே 'ஆமாம்' என்று பதில் வந்ததால் அது தூங்கவே இல்லை. அந்தக் கோளாறு இப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. மாரிராஜைக் காப்பாற்ற வழியும் அதிலேயே இருந்தது.

"சார், பொத்தான அமுக்கிப் புடிங்க! கைய எடுத்துராதீங்க!" என்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரை நோக்கி ஓடினான்.

"இவன் கை நசுங்கினு கீது, நீ எங்கடா ஓட்ற?" பாபு இரும்புக் கம்பியோடு துரத்தினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் முன்பல் தெறித்தது. இசக்கி மேசையைப் பிடித்துத் தொங்கியபடி புரோகிராமை நிறுத்தினான். பாபு விலாவில் உதைத்தான். உள்ளே எலும்பு முறிந்தது இசக்கிக்கே கேட்டது. ரத்தம் ஒழுகும் வாயோடு புரோகிராமை மறுபடி ஓடவிட்டான்.

ஜீவானந்தம் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரஸ் எழுந்தது. மாரிராஜின் கை வெளியே வந்தது. விரல்கள் வரவில்லை.

ஜீவானந்தம் மாரிராஜைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பாபு கம்பியைக் கீழே போட்டான்.

"டேய், நீயா தூக்குன? தெரியாம அட்ச்சிட்டன்டா."

இசக்கி ரத்தத்தைத் துப்பினான். "நாந்தாண்ணே தூக்குனேன். நீங்க அமுக்குனப்பவே தூக்கியிருக்கணும். அதத் தூங்கப் போட்டவனும் நாந்தான். எழுப்ப ஒரு வரி எழுதல."

பாபுவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு குனிந்து கம்பியை எடுத்தான். இசக்கி தலையை மறைக்கவில்லை.