கரண்டும் தாலிக்கொடியும்

பந்தல்குடியில் மளிகைக்கடை வைத்திருந்த சண்முகவேல் யாரிடமும் தணிந்து பேசுகிற ஆள் இல்லை. தூத்துக்குடி ரோட்டில் லோடு கொண்டுபோகிற லாரிக்காரர்களே அவர் கடைவாசலில் வண்டியை நிறுத்த ரெண்டு தடவை யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன், தொண்ணூற்றியொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்புக்கூட இல்லாமல் வாயடைத்து நின்றார்.

காலையில் களத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தங்கம்மாள், "நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிடுதுங்க" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அருப்புக்கோட்டை டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

நர்ஸ் தெரசாள் கதவைத் திறந்தாள். அவளுக்குத் திருச்சுழிப் பக்கம்.

"அண்ணாச்சி, உள்ள வாங்க. அக்கா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறாக."

தங்கம்மாள் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். தலைமாட்டுப் பெட்டியில் ஒரு பச்சைக் கோடு தாறுமாறாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அதுதான் அவள் நெஞ்சுத் துடிப்பு என்றாள் தெரசாள்.

"மருந்துக்கு அடங்கலை. பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது" என்றார் டாக்டர். "நெஞ்சுல கரண்ட் வச்சாத்தான் துடிப்பு ஒழுங்குக்கு வரும். அங்க நகை கிடந்தா சுட்டுரும். தாலியைக் கழட்ட விட மாட்டேங்கிறாங்க."

தங்கம்மாள் இரண்டு கையாலும் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதில் தாலியோடு நாலைந்து ஊக்குகளும் தொங்கின.

"கழட்டுனா அவுகளுக்கு ஆகாது" என்றாள் மூச்சு வாங்க. "நான் போனாப் போறேன்."

சண்முகவேலுக்குச் சுருக்கென்றது. காப்பியில் சீனி குறைந்ததற்கெல்லாம் இவளிடம் கத்தியிருக்கிறார். அந்த மனுஷனைக் காப்பாற்ற இவள் சாகப்போகிறாளாம். கூறுகெட்டவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏய், அதைக் கட்டுனது யாரு?"

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நாந்தான கட்டுனேன்? கட்டுனவன் கழட்டுனா குத்தம் இல்ல. வேற ஆள் கை பட்டாத்தான் குத்தம். கைய எடு தங்கம்."

அப்படி ஒரு சாத்திரம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவராக உண்டாக்கியது. ஆனால் அவள் நம்பினாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

கொடியைத் தலைவழியாக எடுக்கக் குனிந்தார். உண்மையைச் சொன்னால், தாலியைக் கழட்டினால் புருஷனுக்கு ஆகாது என்று அவளுக்கு இருந்த அதே நம்பிக்கை அவருக்கும் இருந்தது. இப்போதே சுருண்டு விழப்போகிறோம் என்றுதான் நினைத்தார். இருந்தாலும் எடுத்தார்.

தெரசாள் மயக்க ஊசி போட்டாள். அவரை வெளியே அனுப்ப யாருக்கும் நினைவில்லை. டாக்டர் கைப்பிடி வைத்த இரண்டு தட்டுகளைத் தங்கம்மாளின் நெஞ்சில் அழுத்தி, "எல்லாரும் விலகுங்க" என்றார். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பச்சைக் கோடு தரைமாதிரி நீட்டமாகக் கிடந்தது.

"ஆத்தா" என்றார் சண்முகவேல்.

கோட்டில் ஒரு மேடு வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குலசாமிக்கே பொங்கல் வைத்து, கிடாய் வெட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒரு வரம் கிடைக்கும். இங்கே ஒரு உசுரை நிறுத்தி, மறுபடி ஓடவும் விட்டுவிட்டார்கள். கை தானாகக் குவிந்தது. டாக்டரைக் கும்பிட்டாரா, பெட்டியைக் கும்பிட்டாரா, அவருக்கே தெரியாது. டாக்டர் அதற்குள் கை கழுவப் போயிருந்தார்.

மயக்கம் தெளிந்ததும் தங்கம்மாளின் கை கழுத்துக்குப் போனது. வெறுங்கழுத்து. பதறிப்போய்க் கண்ணைத் திறந்தாள்.

"இங்கனதான் இருக்கேன்" என்று கொடியோடு குனிந்தார் சண்முகவேல்.

அவள் கொடியைப் பார்க்கவில்லை. ஊசி குத்தியிருந்த கையை மெள்ளத் தூக்கி, அவர் சட்டைமேல் இடப்பக்கம் வைத்து அழுத்தினாள். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அடிக்குது" என்றாள் பக்கத்தில் நின்ற தெரசாளிடம். "அவுகளுக்கு நல்லா அடிக்குது."